சமையலறைத் தரைக்கு எது சரி: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சமையலறைத் தரை வேலையைப் பலரும் டைல்ஸ் கடையில்தான் தொடங்குகிறார்கள். ஷோரூம் வெளிச்சத்தில் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, ஹாலுக்கு எடுத்ததையே கிச்சனுக்கும் போட்டுவிடுகிறார்கள். கொஞ்ச மாதம் போனதும் சிங்க் பக்கம் வெள்ளை வெள்ளையாய் உப்புத் திட்டு, அடுப்புப் பக்கம் இடுக்கெல்லாம் கறுப்பு, வயதானவர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

தண்ணீர், சமையல் பழக்கம், பழைய தரையின் நிலை, வாட்டம் (தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு). இந்த நான்கையும் வீட்டிலேயே பார்த்து முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அப்போது எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்கே தெரியும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியின் முடிவு அடுத்த படிக்குத் தேவைப்படும்.

முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: அளக்கும் டேப், ரசமட்டம், ஒரு பெர்மனென்ட் மார்க்கர், இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட், அதை ஒட்ட அகலமான ஒட்டு டேப், உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், மஞ்சள்தூள் கலந்த நல்லெண்ணெய் கொஞ்சம், ஓர் எலுமிச்சம்பழம். எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது.

1. தரையில் விழப்போகும் தண்ணீரைப் பாருங்கள்

சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போய்விடும். பாத்திரம் கழுவ, தரை துடைக்கப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அது கடினத் தண்ணீராக இருந்தால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதில் கரைந்திருக்கும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தரையிலேயே தங்கிவிடும்.

ஒரு கறுப்பு கிரானைட் துண்டிலோ கண்ணாடியிலோ ஒரு ஸ்பூன் போர் தண்ணீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிந்தால், பளபளக்கும் கறுப்பு, கரும்பழுப்பு, கருநீலத் தரைகளை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பத்து முறை துடைத்தாலும் துடைத்த கோடு தெரியும். அந்தக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றத் தொடங்கினால் இடுக்கு அரிக்கும், பிறகு டைல்ஸ் ஆடும்.

வெளிர் பழுப்பு, சாம்பல், மணல் நிறம், பொடிப் புள்ளி உள்ளவை உப்பை அவ்வளவாகக் காட்டாது. சுத்த வெள்ளையும் வேண்டாம், மஞ்சள் சும்மா விடாது.

2. அந்தச் சமையலறையில் என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள்

இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யும் வீடுகளில்தான் பிறகு அதிகக் குறை கேட்கிறேன். தினமும் அங்கே நிற்பவர் யாரோ அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

தேங்காயை எங்கே உடைக்கிறீர்கள்? தரையில் தட்டி உடைக்கிற வீட்டில் எந்த டைல்ஸும் நிலைக்காது. ஒரு ஓரத்தில் அரையடி கருங்கல் துண்டு ஒன்றைப் பதிக்கச் சொல்லுங்கள், அல்லது பழக்கத்தை வெளி வாசலுக்கு மாற்றுங்கள். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குகிறவர் இருந்தால், சொரசொரப்பு மிகுந்த கல் அவருக்குச் சிரமம், துணியும் தேயும். ஜவ்வரிசி வடாம் கூழ் கிண்டுவது, ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டுவது, பலகாரம் சுடுவது, இதெல்லாம் தரையில் நடக்கிற வீடா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் புளிப்பும் எவ்வளவு விழும் என்பது இதிலிருந்துதான் தெரியும்.

கேஸ் சிலிண்டரை உருட்டுவார்களா, இழுப்பார்களா? நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ, அதில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. அடி வளையம் துருப்பிடித்து, ஈரத் தரையில் பழுப்பு வட்டம் போட்டுவிடும். சிலிண்டர் வெளியில் இருந்து குழாய் வழியாக வருகிறது என்றால் இந்தக் கவலை இல்லை. கல் கிரைண்டர், ஆட்டுக்கல் தரையில் நிற்குமானால் அந்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். அதன் அடியில் பொள்ளலாக, அதாவது கீழே வெற்றிடம் விட்டு, ஒட்டிய டைல்ஸ் கண்டிப்பாக உடையும்.

கடைசியாக ஒரு கேள்வி: தரையைத் துடைக்கிறீர்களா, தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்களா? நாலாவது படி முழுக்க இந்தப் பதிலை வைத்துத்தான்.

3. இப்போது இருக்கும் தரையைச் சோதியுங்கள்

பழைய வீடு என்றால் ஒரு மரக்கட்டையால் தரை முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. டொக் டொக் என்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். இரண்டு மூன்று இடம்தான் என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து நிரப்பிவிட்டு மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம். பாதிக்கு மேல் பொள்ளல் என்றால் முழுவதும் பெயர்த்தே ஆக வேண்டும். பொள்ளல் தரை மேல் எவ்வளவு நல்ல டைல்ஸ் ஒட்டினாலும் அதுவும் சேர்ந்து கிளம்பும்.

பழைய டைல்ஸ் மேல் புதியது ஒட்டினால் பசையும் டைல்ஸும் சேர்ந்து அரை அங்குலம், மேஸ்திரி கணக்கில் நாலு நூல், தரை உயரும். கதவு அடியில் இடிக்குமா, ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவே தடுக்குமா, மேடைக்குக் கீழே வைக்கும் ஃபிரிட்ஜோ டிஷ்வாஷரோ நுழையுமா என்று இப்போதே அளந்து பாருங்கள். ஒட்டி முடித்த பிறகு கதவை அறுக்கக் கார்பென்டரைத் தேடுவது வழக்கமாக நடக்கிற ஒன்று.

அடுத்தது ஈரம். பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. சேலம் டவுனில் மாடி வீட்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஏற்காட்டில் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளுக்கு இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மண் அணைந்திருக்கும் சுவர் ஓரத்தில்தான் ஈரம் முதலில் தெரியும், அங்கே ஒரு ஷீட், நடுவில் ஒரு ஷீட் போடுங்கள்.

ஈரம் இருந்தால் முதலில் வெளிப்பக்கம் மழைநீர் போகும் வழியைச் சரி செய்து, தரையில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து, காய்ந்ததும் மறுபடி ஷீட் போட்டுப் பார்த்த பிறகே பொருள் தேர்வு. ஈரத்தை மூடி மறைக்க டைல்ஸ் போட்டால் இடுக்கு வழியே உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். மரம், வினைல் வகைகளுக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

4. வாட்டத்தை முடிவு செய்யுங்கள், அதன் பிறகுதான் டைல்ஸ் அளவு

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

துடைக்க மட்டும் செய்கிற சமையலறைக்குச் சமமட்டம் போதும். கழுவிவிடுகிற வீட்டில் தண்ணீர் ஓர் இடத்துக்கு ஓட வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம் நடப்பதற்கும் உறுத்தாது, தண்ணீரும் ஓடும். பத்தடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் என்று மேஸ்திரியிடம் சொன்னால் புரியும்.

இப்போது டைல்ஸ் அளவு ஏன் இதற்குப் பின் வருகிறது என்று பாருங்கள். நாலு பக்கமிருந்தும் ஒரு ஜல்லியை (தண்ணீர் வெளியேறும் துளையின் சல்லடை மூடி) நோக்கித் தரை இறங்கினால், நடுவில் தரை குழிவாகிறது. இரண்டடிக்கு நாலடி டைல்ஸ் வளையாது. அதை மூலைவிட்டமாக வெட்டித்தான் ஒட்ட முடியும், இல்லாவிட்டால் முனை தூக்கிக்கொண்டு நிற்கும், காலில் இடிக்கும், தண்ணீர் தேங்கும். ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் அந்தக் குழிவுக்கு ஏற்ப உட்காரும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால், வாட்டத்தை ஒரே பக்கமாகக் கொடுத்துச் சுவரோரம் நீள ஜல்லி வையுங்கள்.

பாத்திரம் கழுவும் பின்கட்டு தனியாக இருந்தால் அதன் மட்டத்தைக் கிச்சனைவிட முக்கால் அங்குலமாவது இறக்கிவிடுங்கள். இடையில் ஒரு கிரானைட் பட்டை வைத்தால் இரண்டு விதமான தரை சேரும் கோடும் மறையும், தண்ணீரும் உள்ளே வராது.

5. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது உங்கள் கையில் நாலு பதில்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒவ்வொரு பொருளையும் எடைபோடலாம்.

விட்ரிஃபைடு டைல்ஸ். சேலம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், அதுவும் மேட், அதாவது பளபளக்காத, பூச்சில். காரணம் அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோ. எண்ணெய், புளி, மஞ்சள் எதுவும் உள்ளே இறங்க இடமில்லை. இதில் இரண்டு வகை முக்கியம். டபுள் சார்ஜ் என்பதில் மேல் நிறம் மூன்று நாலு மில்லிமீட்டர் ஆழம்வரை போகும், குக்கர் மூடி விழுந்து சின்னதாகச் சில்லுப் பெயர்ந்தாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது. ஆனால் இது பெரும்பாலும் பாலிஷ் போட்டே வருகிறது, ஈரத்தில் வழுக்கும். கிளேஸ்டு விட்ரிஃபைடு என்பதில் மேலே ஒரு கண்ணாடிப் பூச்சும் அச்சிட்ட வடிவமும் இருக்கும். மேட், கல், மரம் என்று எல்லாத் தோற்றத்திலும் கிடைக்கும், கறையும் சுலபத்தில் பிடிக்காது. சில்லுப் பெயர்ந்தால் மட்டும் அடி நிறம் தெரியும். வழுக்கி விழுவதைவிடச் சில்லு பெரிய விஷயம் இல்லை என்பதால் சமையலறைக்கு நான் மேட் கிளேஸ்டு பக்கம்தான்.

சாதாரண செராமிக். தரைக்கென்று செய்த செராமிக் மோசமில்லை, சிறிய சமையலறைக்கும் வாடகை வீட்டுக்கும் போதும். சுவர் டைல்ஸைத் தரையில் போடாதீர்கள். சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், மெல்லியது, எடை தாங்காது. மீந்த சுவர் டைல்ஸைக் கிச்சன் மூலையில் ஒட்டி முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கிரானைட். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பக்கம் என்பதால் நம்மூரில் கிரானைட் சுலபமாகக் கிடைக்கிறது. சிலிண்டர், கிரைண்டர், தேங்காய் எல்லாவற்றையும் தாங்கும். எலுமிச்சை, புளியெல்லாம் ஒன்றும் செய்யாது. மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பாலிஷ் கிரானைட் சோப்புத் தண்ணீரில் மிகவும் வழுக்கும், தரைக்கு லெதர் ஃபினிஷ் (தோல் போல லேசான சொரசொரப்பு) கேளுங்கள். வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துப்போகும், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு அடித்தே ஆக வேண்டும். தண்ணீர்த் துளி விட்டால் கல் நிறம் மாறத் தொடங்குகிறது என்றால் சீலரை மறுபடி அடிக்கும் காலம் வந்துவிட்டது. கறுப்பைப் பற்றி முதல் படியிலேயே சொல்லிவிட்டேன்.

கடப்பா, கோட்டா. இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. கால் சூடு தெரியாது, விலை குறைவு, கெட்டி. கழுவும் இடத்துக்கு, பாலிஷ் போடாத கோட்டா நன்றாகவே உழைக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லைப் புளிப்பு அரிக்கும். ரசம் கொட்டிய இடம், எலுமிச்சை பிழிந்த இடம், மோர் சிந்திய இடம் எல்லாம் பாலிஷ் போய் வெளிறும். அடுப்புப் பக்கம் இதைப் போடுவதானால் அந்த மங்கலுக்கு மனசைத் தயார் செய்துகொண்டு போடுங்கள்.

மார்பிள். அதே காரணம்தான், அதைவிட விலை அதிகம். நம் சமையலுக்கு வேண்டாம்.

ஆத்தங்குடி டைல்ஸ். கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் அது சிமெண்டில் கையால் செய்வது, எண்ணெயை இழுக்கும், மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும், ஆசிட் பட்டால் நிறம் போகும். சாப்பாட்டு இடத்தில், பூஜை அறையில், முன் வாசலில் போடுங்கள். தாளிக்கும் அடுப்புக்கு முன்னால் போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

மொசைக், ரெட் ஆக்சைடு. சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பகுதிகளின் பழைய வீடுகளில் இன்னும் நல்ல மொசைக் தரைகளைப் பார்க்கலாம். பெயர்க்கும் முன் ஒரு மூலையில் மட்டும் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். தட்டினால் கெட்டியாக இருக்கிறது, விரிசல் இல்லை என்றால் அதை உடைப்பது பெரிய நஷ்டம். மறுபடி தேய்த்துச் சீலர் அடித்தால் புதுத் தரையாகிவிடும், உயரமும் மாறாது. இதைச் சொன்னால் பழசுதானே என்கிறார்கள். அந்தத் தரையில் மார்பிள் சில்லுகள் அடிவரை இருக்கின்றன, எத்தனை முறை தேய்த்தாலும் அதே பூ வரும். ரெட் ஆக்சைடு கதை வேறு. அது நன்றாக வருவது முழுக்க மேஸ்திரியின் கைப்பக்குவம். தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

மரம், லேமினேட், எஸ்.பி.சி. மரமும் லேமினேட்டும் தண்ணீரில் ஊதும், கரையானும் வரும். எஸ்.பி.சி. என்பது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. அது ஊதாது, ஆனால் இணைப்பு வழியாக இறங்கிய தண்ணீர் அடியில் காயாமல் கிடக்கும். சூடான வாணலி விழுந்தால் தழும்பும் நிற்கும். தினசரி முழுச் சமையல் நடக்கும் வீட்டுக்கு இவை எதுவும் வேண்டாம்.

ஏற்காட்டு வீடுகளுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் டைல்ஸும் கல்லும் காலைக் கடிக்கும். பனிமூட்ட நாட்களில் ஈரக் காற்று குளிர்ந்த தரையில் பட்டுத் தரையே வியர்க்கும், தண்ணீர் சிந்தாமலே வழுக்கும். அதனால் அங்கே மேட் பூச்சு கட்டாயம். குளிருக்கு, நின்று சமைக்கும் இடத்தில் மட்டும் துவைக்கக்கூடிய விரிப்புப் போடுங்கள். குளிருக்குப் பயந்து முழுச் சமையலறைக்கும் மரத் தரை போட்டால் ஈரம் வேறு பிரச்சினையைக் கொண்டுவரும். எப்போதாவது தேநீர் மட்டும் போடுகிற விருந்தினர் வீடு என்றால் எஸ்.பி.சி. பரவாயில்லை, மூன்றாம் படியில் ஷீட் காய்ந்து வந்திருந்தால் மட்டும். இன்னொன்று, மேலே போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய டைல்ஸைப் பெட்டியோடு நிறுத்தி, ஆடாமல் கட்டி ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விட்டுத்தான் வந்து சேரும்.

6. வழுக்கலுக்கான எண்ணைக் கேளுங்கள்

ஆன்ட்டி ஸ்கிட் என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஆர்9, ஆர்10, ஆர்11 என்று ஒரு மதிப்பு உண்டு, எண் கூடக்கூட வழுக்கல் குறையும். கிச்சனுக்கு ஆர்10, கழுவும் இடத்துக்கு ஆர்11 கேளுங்கள்.

அந்தச் சோதனை செருப்புக் காலோடு, எண்ணெய் பூசிய சாய்தளத்தில் நடத்திச் செய்வது. நாம் வெறுங்காலோடு ஈரத்தில் நடக்கிறோம். அதற்கு ஏ, பி, சி என்று வேறொரு மதிப்பு இருக்கிறது. விவரத் தாளில் அது இருந்தால் கழுவும் இடத்துக்கு பி அல்லது சி பார்த்து எடுங்கள்.

ரொம்பச் சொரசொரப்பாகவும் போகாதீர்கள். குழி குழியான பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். விரலால் தடவினால் லேசாக இழுக்க வேண்டும், துணியால் துடைத்தால் நூல் சிக்கக் கூடாது.

7. அளந்து கணக்குப் போடுங்கள்

கடையில் இரண்டுக்கு இரண்டு என்று சொல்வது 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பது 609.6. இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு பத்தடிச் சமையலறையில் என்ன செய்கிறது பாருங்கள். பத்தடி 3,048 மில்லிமீட்டர். ஐந்து டைல்ஸ், இடையில் 2 மில்லிமீட்டர் வீதம் நாலு இடுக்கு, மொத்தம் 3,008. மீதி 40 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பட்டை வெட்டி ஒட்ட வேண்டும். அந்தப் பட்டை வாசல் பக்கம் வந்தால் கண்ணை உறுத்தும், சீக்கிரம் உடையவும் செய்யும். மேடைக்கு அடியில் போகிற மாதிரி தொடங்கும் இடத்தை மாற்றினால் யாருக்கும் தெரியாது. இதை ஒரு தாளில் வரைந்து மேஸ்திரியிடம் கொடுங்கள்.

பெட்டிக் கணக்கும் இதே மாதிரிதான். நாலு டைல்ஸ் கொண்ட 600 அளவுப் பெட்டி ஒன்று 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. பதினாறு என்று போட்டால் கடைசியில் குறையும். பத்துக்கு எட்டு அறை 80 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 88. ஆறு பெட்டி வரும். பிற்காலத்துக்கு ஒன்று சேர்த்து ஏழு. மேடை, அலமாரி அடியையும் சேர்த்தே டைல்ஸ் போடுங்கள். நாலு டைல்ஸ் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால், சிங்க் ஒழுகும்போது தண்ணீர் இறங்குவது அந்த மூடாத இடத்தில்தான்.

8. கடையில் பார்க்க வேண்டியவை

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து அழுத்துங்கள். நடுவில் இடைவெளியோ ஆட்டமோ இருந்தால் வளைவு இருக்கிறது. பெரிய டைல்ஸில் இந்த வளைவு ஓரங்களில் தட்டுப்படும்.

டைல்ஸின் பின்பக்கம் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். விட்ரிஃபைடு என்று சொல்லி விற்பது அதைச் சட்டென்று உறிஞ்சினால் அது விட்ரிஃபைடு இல்லை. பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளேஸ்டு வகைக்கு பி.இ.ஐ. என்ற தேய்மான எண் உண்டு, சமையலறைக்கு மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். வீட்டுக்குள் மண் கால்களோடு வந்து போகிறவர்கள் அதிகம் என்றால் நாலு.

பிடித்ததில் இரண்டு மூன்று சாம்பிள்களைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே முன்பணம் கொடுக்காதீர்கள். சாம்பிள் தர மறுத்தால் ஒரு டைல்ஸை விலை கொடுத்தே வாங்கிப் போங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

9. வீட்டில் ஓர் இரவுச் சோதனை

சாம்பிளைச் சமையலறையிலேயே வையுங்கள். காலை வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் நிறத்தைப் பாருங்கள்.

அதன் ஒரு மூலையில் மஞ்சள் எண்ணெய், ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, ஒரு மூலையில் உங்கள் போர் தண்ணீர், நாலாவது மூலையில் மார்க்கரால் ஒரு கோடு. இரவு முழுக்க விட்டுக் காலையில் சாதாரண சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். எண்ணெய் மஞ்சளாக நின்றால் தள்ளுங்கள். எலுமிச்சை பட்ட இடம் மங்கினால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். மார்க்கர் கோடு பொடிப் பொடிக் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கினால், பாலிஷ் போட்ட பரப்பில் நுண்துளைகள் திறந்திருக்கின்றன, அழுக்கும் அங்கேதான் போய் உட்காரும்.

கடைசியாக டைல்ஸை ஈரமாக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் நின்று பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் உட்கார்ந்தபடியே காலால் தேய்த்துப் பார்த்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு.

10. ஒரே பேட்ச், ஒரே தடவை

எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடுத்த பேட்சில் நிறம் ஒரு சாயல் மாறும். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அந்த நிறம் கிடைப்பதே இல்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே எண்களைச் சரிபாருங்கள். ஒட்டிய பிறகு கடைக்காரர் எதுவும் செய்ய முடியாது.

11. ஒட்டும்போது கூடவே நில்லுங்கள்

விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது என்பதுதான் அதன் பலம். அதே காரணத்தால் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. பழைய முறையில் கலவை மேல் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டிய விட்ரிஃபைடு தரைகள்தான் வெயில் காலத்தில் திடீரென்று கூடாரம் போல் கிளம்புகின்றன. பையில் விட்ரிஃபைடுக்கு உரியது என்று எழுதிய, ஐ.எஸ். 15477 தர எண் உள்ள டைல்ஸ் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். கிரானைட், கடப்பா, கோட்டாவின் கனம் பலகைக்குப் பலகை மாறும், அவற்றுக்குக் கலவைப் படுகைதான் சரி.

பசைக்கு அடியில் இருக்கும் தளம் முன்பே வாட்டத்தோடு பூசி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டுக் காய்ந்திருக்க வேண்டும். பல் கரண்டியால் பசையைக் கோடு கோடாக இழுத்து, பெரிய டைல்ஸுக்குப் பின்பக்கமும் ஒரு பூச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது வேகமாக முடியும், நடுவிலும் மூலைகளிலும் பொள்ளல் விடும். முதல் டைல்ஸை ஒட்டியதும் அதைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பின்பக்கம் முழுவதும் பசை பட்டிருந்தால் தொடரட்டும்.

இடுக்கே இல்லாமல் நெருக்கி ஒட்டக் கேட்பவர்கள் உண்டு. சேலத்து வெயிலில் டைல்ஸ் விரிய இடம் வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர், சுவரோரம் ஒரு சின்ன இடைவெளி. சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை அதை மூடிவிடும்.

12. இடுக்கு நிரப்புதல்

ஒட்டி ஒரு நாள் கழித்து நிரப்புங்கள். அடுப்பு, சிங்க் பக்கம் சிமெண்ட் ஃபில்லர் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கறுக்கும். அங்கே எபாக்ஸி என்ற பிசின் நிரப்பிக்குச் செலவு செய்யுங்கள். டைல்ஸ் விலையில் கொஞ்சம் குறைத்தாவது இதைச் செய்யலாம். எபாக்ஸி இறுகுவதற்கு முன் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும், மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேட் டைல்ஸில் அந்தப் படலம் போகவே போகாது. சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் எபாக்ஸியைத் தொடங்கவிடாதீர்கள்.

13. முதல் வாரம்

ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. சிலிண்டர், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் ஒரு வாரம் கழித்து, அட்டையோ பலகையோ போட்டு அதன் மேல் நகர்த்துங்கள். பிறகு மரக்கட்டையால் முழுவதும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். பொள்ளல் கேட்டால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவிக் கொடுப்பதாக ஆட்கள் சொல்வார்கள். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது சிமெண்ட் இடுக்கைத் தின்னும், கடப்பா, கோட்டா, மொசைக் எல்லாவற்றையும் பொரிய வைக்கும். ஈரத் துணி, பிளாஸ்டிக் கரண்டி, மிதமான சோப்பு போதும்.

மீந்த பெட்டியைப் பரணில் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். பெட்டி மேலேயே டைல்ஸ் பெயர், பேட்ச் எண், இடுக்கு நிரப்பிய நிறத்தின் எண் மூன்றையும் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள்.